கேள்வி-பதில்: டிரெய்லரை ராத்திரியே மாட்டி வைக்கலாமா?

கேள்வி: எங்களிடம் சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி இருக்கிறது. பொங்கல் விடுமுறைக்குக் குடும்பத்தோடு கோடியக்கரை போக, புதுச்சேரியில் ஒரு கேம்பர் டிரெய்லரை (வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போய், கூடாரமாக விரித்துத் தங்குவது) வாடகைக்குப் பேசியிருக்கிறேன். முந்தின நாள் சாயங்காலம் எடுத்துவந்து, போகி அன்று விடியற்காலை 4 மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம். ராத்திரியே பிக்கப்போடு மாட்டி வைத்துவிட்டால் காலையில் ஏறி உட்கார வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அப்படி விட்டால் ஸ்பிரிங் பட்டை தொய்ந்துவிடும், பேட்டரி இறங்கிவிடும் என்று என் மச்சான் பயமுறுத்துகிறார். டிரெய்லர்காரரும் "ராத்திரி மாட்டி வெச்சு ஏதாவது ஆச்சுன்னா 25,000 டெபாசிட் திரும்பாது" என்கிறார். எங்கள் வீட்டுக்குக் காம்பவுண்டு கிடையாது, தெருவில்தான் நிறுத்த வேண்டும். என்ன செய்யலாம்?
— வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: மாட்டி வைக்கலாம். பட்டை விஷயத்தில் மச்சான் சொல்வது தப்பு, பேட்டரி விஷயத்தில் சரி. எனக்கு உறுத்துவது நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் சொன்ன தெருதான், அதுவும் போகிக்கு முந்தின ராத்திரி.

முதலில் பட்டை. உங்கள் டிரெய்லர் சாமானோடு 600 கிலோ என்று வைத்துக்கொண்டால், அதில் பிக்கப்பின் கொக்கி மேல் உட்காருவது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, அதாவது 60 கிலோ. நிற்கிற வண்டிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பட்டை வாங்குகிற அடி இதைவிட எவ்வளவோ அதிகம். அரவைக் காலத்தில் நெல்லிக்குப்பம் பக்கம் போய்ப் பாருங்கள், கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் டிரெய்லரைக் கழற்றாமல்தான் வரிசையில் காத்துக் கிடக்கும். வாரக்கணக்கில் ஓட்டாமல் விடுவதென்றால் கழற்றி வைப்பது நல்லது. ஒரு ராத்திரிக்குத் தேவையில்லை.

சொல்லப்போனால் ராத்திரியே மாட்டுவதுதான் பத்திரம் என்பேன். அதிகாலை மூன்றரை மணிக்குத் தூக்கக் கலக்கத்தில், செல்போன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு மாட்டும்போதுதான் தப்பு நடக்கும். டிரெய்லர் மூக்கில் இருக்கும் கிண்ணம் போன்ற கப்ளர், பிக்கப் கொக்கியின் இரும்புக் குண்டு மேல் உட்கார்ந்த மாதிரியே தெரியும், ஆனால் உள்ளே இருக்கும் நாக்கு குண்டுக்கு அடியில் போய்ப் பிடித்திருக்காது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மாட்டி லாக் போட்ட பிறகு, டிரெய்லரின் முன்பக்க ஜாக்கியைத் திரும்பவும் நாலு சுற்று ஏற்றுங்கள். பிக்கப்பின் பின்புறமும் கூடவே எழும்பினால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். கப்ளர் மட்டும் தனியாக மேலே வந்தால், நல்லவேளை வீட்டு வாசலிலேயே தெரிந்தது. சோதனை முடிந்ததும் ஜாக்கியை முழுசாக மடக்கிவிட வேண்டும். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கப்ளருக்குக் கீழே குறுக்காக மாட்டுங்கள். ஓடும்போது கப்ளர் நழுவினாலும் சங்கிலி ஏந்திக்கொள்ளும், மூக்கு ரோட்டில் குத்தாது.

இனி பேட்டரி. பிக்கப்பிலிருந்து டிரெய்லருக்குப் போகும் 7 பின் பிளக் இண்டிகேட்டருக்கும் பிரேக் லைட்டுக்கும் மட்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கேம்பர் டிரெய்லரில் பெரும்பாலும் அதில் ஒரு பின்னில் சார்ஜ் லைன் வரும். ஓடும்போது டிரெய்லர் பேட்டரியை நிரப்புவதும், பிரிட்ஜை ஓட்டுவதும் அதன் வேலை. இன்ஜினை அணைத்ததும் இந்த லைனைத் துண்டிக்க ரிலேயோ ஐசொலேட்டரோ இருந்தால் கவலை இல்லை. இல்லாவிட்டால் பிரிட்ஜ் ராத்திரி முழுக்க உங்கள் பிக்கப் பேட்டரியைத்தான் குடிக்கும்.

எவ்வளவு குடிக்கும் என்பது பிரிட்ஜைப் பொறுத்தது. கம்ப்ரசர் வகை விட்டு விட்டு ஓடும். நம் ஊர் வெக்கைக்குச் சராசரியாக 2 ஆம்பியர் என்று வையுங்கள். சாயங்காலம் 7 மணியிலிருந்து காலை 4 மணிவரை 9 மணி நேரத்துக்கு 18 ஆம்பியர்-அவர் (Ah). உங்கள் பேட்டரி 75 ஆம்பியர்-அவர், புதுசு என்றால் தாங்கிவிடும். மூன்று வருஷப் பழசு என்றால் டீசல் இன்ஜினை எழுப்புவதற்குள் முனகும். கேஸிலும் கரண்டிலும் ஓடுகிற வகை பிரிட்ஜ் என்றால் கணக்கே வேறு. அதில் சூடேற்றும் கம்பி இருக்கும், 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் பக்கம் இடைவிடாமல் இழுக்கும். 9 மணி நேரத்துக்கு 90. வண்டி காலையில் செல்ப் எடுக்காது. தவிர, ஸ்டார்ட் பண்ணுவதற்கென்று செய்த பேட்டரியை இப்படி அடிமட்டம்வரை இறக்கினால் அதன் ஆயுளும் குறையும்.

உங்கள் டிரெய்லரில் ஐசொலேட்டர் இருக்கிறதா என்று எடுக்கும்போதே பார்த்துவிடலாம். பிளக்கை மாட்டி, இன்ஜினை அணைத்துக் கால் மணி நேரம் விடுங்கள். அப்புறம் டிரெய்லரின் சொந்த பேட்டரி சுவிட்சை அணைத்துவிட்டு உள்ளே லைட்டைப் போடுங்கள். எரிந்தால், அது உங்கள் பிக்கப்பிலிருந்து வருகிற கரண்ட். இதற்கெல்லாம் பொறுமை இல்லையென்றால் ஒரே வேலை போதும்: கப்ளர் மாட்டியபடியே இருக்கட்டும், பிளக்கை மட்டும் ராத்திரி உருவிவிடுங்கள். பிரிட்ஜை வீட்டு 230 வோல்ட் பிளக்கில் போட வசதி இருந்தால் அதில் குளிர வையுங்கள். உருவின பிளக்கைத் தரையில் தொங்கவிடாதீர்கள். மார்கழிப் பனியும் முதுநகர் உப்புக் காற்றும் சேர்ந்து அந்தப் பித்தளைப் பின்களில் பச்சை படிய வைத்துவிடும். அப்புறம் இடது இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட் மினுக்கும். மூடி இருந்தால் மூடுங்கள், இல்லையென்றால் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றி மேலே கட்டிவிடுங்கள். டிரெய்லரில் எலெக்ட்ரிக் பிரேக் இருந்தால், சங்கிலி பக்கத்தில் ஒரு மெல்லிய கேபிள் தெரியும். பிள்ளைகள் அதை இழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கேபிள் நுனியில் இருக்கும் ஊசி உருவிக்கொண்டால் டிரெய்லர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு தன் பேட்டரியைக் காலி செய்துவிடும்.

சரி, தெருவுக்கு வருவோம். பிக்கப்பும் டிரெய்லரும் சேர்ந்தால் 9 மீட்டருக்குக் குறையாது. பக்கத்து இரண்டு வீட்டு வாசலையும் அடைக்கும். மார்கழி மாதம், நாலு மணிக்கே வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லாமல் நிறுத்தினால் பண்டிகைக்கு முன்னாலேயே பேச்சுவார்த்தை நின்றுவிடும். அதைவிடப் பெரிய விஷயம் போகி. நீங்கள் நாலு மணிக்குக் கிளம்புவதாகச் சொன்னாலும் கிளம்ப ஐந்தாகும். அந்த நேரத்தில்தான் ஒவ்வொரு வாசலிலும் பழைய பாயும் துடைப்பமும் எரியும். டிரெய்லரின் கூடாரத் துணி கேன்வாஸோ பாலியஸ்டரோ, ஒரு தீப்பொறி போதும், ஓட்டை விழும். அடியில் கேஸ் சிலிண்டர் வேறு இருக்கலாம். உங்கள் டெபாசிட் போவதென்றால் பேட்டரியில் அல்ல, இங்கேதான் போகும்.

அதனால் அந்த ஒரு ராத்திரிக்குக் காம்பவுண்டு உள்ள உறவினர் வீடு, தெரிந்தவர் மண்டி, ஒர்க்‌ஷாப் முற்றம் என்று எங்காவது கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் தெருவிலேயே நிறுத்துங்கள், ஆனால் கப்ளருக்கு ஒரு பூட்டு கட்டாயம். பிக்கப்போடு மாட்டியிருந்தால் யாரும் தொட மாட்டார்கள் என்று நம்ப வேண்டாம். பூட்டு இல்லாத கப்ளரைக் கழற்ற இரண்டு நிமிஷம் போதும், கழற்றினதை இன்னொரு வண்டியில் மாட்டவும் அவ்வளவு நேரம்தான். சக்கரங்களுக்கு மரக்கட்டை கொடுங்கள். செங்கல் வேண்டாம், நசுங்கிப் பொடியாகும். சாக்கடைப் பக்கம் சரிந்த தெரு என்றால் சரிவில் டிரெய்லர் முறுக்கிக்கொண்டு நிற்காத இடமாகப் பாருங்கள்.

காலையில் எவ்வளவு அவசரமானாலும் ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டுத்தான் ஏற வேண்டும். ராத்திரி நீங்கள் போட்ட லாக்கை நீங்கள் தூங்கும்போது யார் தொட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. லாக், சங்கிலி, பிளக், எல்லா லைட்டும் பாருங்கள், கட்டையை எடுத்தாயிற்றா என்றும் பாருங்கள். டயர் காற்றுக்கும் அதுதான் சரியான நேரம், ஓடிச் சூடாகாத டயரில் பார்த்தால்தான் அளவு சரியாகக் காட்டும்.

டெபாசிட் பற்றி: வாய்ச்சொல்லை ஏற்காதீர்கள். எதற்கு எவ்வளவு பிடிப்பார் என்று எழுதி வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும். "ஏதாவது ஆச்சுன்னா" என்பது கணக்கு இல்லை. பேட்டரி இறங்கினால் அது யார் தலையில் என்பது, ஐசொலேட்டர் இல்லாத டிரெய்லரைக் கொடுத்தது யார் என்பதையும் பொறுத்தது. வெளிச்சம் இருக்கும்போதே போய் எடுங்கள், கூடாரத்தை விரிக்கச் சொல்லி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். கப்ளர் எந்த அளவு குண்டுக்கானது என்று கேளுங்கள். 50 மி.மீ. குண்டும் 2 அங்குலக் குண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், 2 அங்குலம் என்பது 50.8 மி.மீ. அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் கடகடவென்று ஆடும், அல்லது லாக் விழாது. டிரெய்லருக்கென்று தனிப் பதிவு எண், அந்த எண்ணுக்கு இன்சூரன்ஸ், அந்த இன்சூரன்ஸ் வாடகைக்கு விடுவதை அனுமதிக்கிறதா, மூன்றையும் பாருங்கள். சொந்த உபயோகத்துக்கான பாலிசியில் வாடகைக்கு ஓடினால் இழப்பீடு கேட்டு ஜெயிப்பது கஷ்டம்.

கேள்வி: புதுச்சேரியில் 4.5 லட்சம் கொடுத்துப் புது கேம்பர் டிரெய்லர் வாங்கினேன். ஐந்து மாதத்தில் சேஸிஸ் வெல்டிங்கில் துரு, ஒரு இடத்தில் விரிசல். "கடல் காற்றுக்கு நாங்கள் பொறுப்பில்லை, வழக்கு போடுவதென்றால் பாண்டியில் வந்து போடுங்கள்" என்கிறார்கள். நான் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன்.

பதில்: பாண்டிக்குப் போக வேண்டியதில்லை. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்பதால் மாவட்ட ஆணையம், உங்களுக்குக் கடலூர். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. பிரச்சினை வந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். கடற்கரை ஊரில் கடை வைத்து, கடற்கரை ஊர்க்காரருக்கே விற்றுவிட்டு, கடல் காற்றைக் காரணம் சொல்வது எடுபடும் என்று எனக்குத் தோன்றவில்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள், கூடவே பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ். விரிசலை ஒரு நல்ல வெல்டரிடம் காட்டி எழுத்தில் கருத்து வாங்குங்கள். ஆனால் அவரையே ஒட்டிவிடச் சொல்லிவிடாதீர்கள், சாட்சியே அதுதான். அதுவரை டிரெய்லரை ரோட்டில் இழுக்கவும் வேண்டாம்.

கேள்வி: பழைய டிரெய்லர் ஒன்று வாங்கியிருக்கிறேன், பி.ஒய். (புதுச்சேரி) பதிவு. கடலூரிலேயே வைத்து ஓட்டலாமா?

பதில்: 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருப்பதென்றால் தமிழ்நாட்டுப் பதிவு எண் வாங்க வேண்டும். விற்றவரை வைத்தே புதுச்சேரியில் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று வாங்கிவிடுங்கள், அப்புறம் அவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். ஆர்.சி.யில் கடன் பதிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் பைனான்ஸ்காரர் சம்மதம் இல்லாமல் எதுவும் நகராது.