சர்ச்சில் பெயரைக் கேட்டதும் உங்கள் அறைத்தோழர் ஏன் மௌனமானார்?

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்காட்லாந்தின் டண்டீ நகருக்குப் படிக்க வந்த புதிதில், உடன் தங்கியிருக்கும் கார்க் நகரத்து ஐரிஷ் மாணவரிடம் "உங்கள் சர்ச்சில் மாபெரும் தலைவர்" என்று மரியாதைக்காகச் சொன்னதாகவும், அவர் முகம் மாறியதாகவும், வீட்டுக்காரரான ஸ்காட்லாந்து முதியவரும் அந்தப் பேச்சை விரும்பவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். காந்தியை அரை நிர்வாணப் பக்கிரி என்றவர் மீது நமக்கு வருத்தம் இருப்பது சரி, இவர்களுக்கு என்ன வருத்தம் என்பது உங்கள் கேள்வி.

முதலில், அயர்லாந்து தனி நாடு. கார்க்காரரிடம் "உங்கள் சர்ச்சில்" என்பது, சுதந்திரத்துக்காகப் போராடிய ஒரு நாட்டின் பிள்ளையை எதிர்த்தரப்பில் கொண்டுபோய் நிறுத்துவதாகும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

நீங்கள் இருக்கும் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். 1908-இல் மான்செஸ்டரில் தோற்ற சர்ச்சிலுக்கு அடைக்கலம் கொடுத்தது இந்த டண்டீதான். 14 ஆண்டுகள் அவர் இவ்வூரின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். வங்காளத்திலிருந்து கப்பலில் வந்த சணலை நூற்றுப் பிழைத்த ஊர் இது. ஆலைகளில் பெரும்பகுதி வேலை பெண்களுடையது. பஞ்சத்துக்குத் தப்பி அயர்லாந்திலிருந்து வந்தவர்களும் அவர்களின் வழிவந்தவர்களும் லாக்கீ பகுதியில் நெருங்கி வாழ்ந்தார்கள். அங்கே காக்ஸ் சகோதரர்களின் ஆலைப் புகைபோக்கி இன்றும் நிற்கிறது. முதல் தேர்தலிலேயே, பெண்கள் வாக்குரிமை இயக்கத்தைச் சேர்ந்த ஐரிஷ்காரரான மேரி மலோனி என்பவர், சர்ச்சில் பேச வாயெடுத்த இடமெல்லாம் பெரிய மணி ஒன்றை அடித்துப் பேசவிடாமல் செய்தார். ஆயினும் ஐரிஷ் வாக்குகளில் கணிசமானவை அவருக்குக் கிடைத்தன. அயர்லாந்துக்குத் தன்னாட்சி தருவதாக அவருடைய லிபரல் கட்சி சொல்லி வந்ததே காரணம். 1912-இல் அந்தக் கொள்கையை ஆதரித்துப் பேச பெல்ஃபாஸ்ட் சென்றபோது, எதிர்ப்பாளர் கூட்டம் அவருடைய காரையே கவிழ்க்கப் பார்த்தது.

ஐரிஷ் மக்கள் அவர் மீது வைத்த அந்த நம்பிக்கை 1920-இல் முறிந்தது. போர் அமைச்சராக இருந்த அவர், அயர்லாந்தில் 'பிளாக் அண்ட் டான்ஸ்' எனப்பட்ட காவலர்களின் பழிவாங்கும் வன்முறைக்கு அரணாக நின்றார். முன்னாள் ராணுவ அதிகாரிகளைக் கொண்ட துணைப்படை ஒன்றை அமைக்கும் யோசனையும் அவருடையதே. அந்தத் துணைப்படையினர்தான் 1920 டிசம்பர் 11 இரவு கார்க் நகரின் மையப்பகுதியைக் கொளுத்தினார்கள். உங்கள் நண்பர் அந்த ஊர்க்காரர் என்பதை மறக்க வேண்டாம்.

மறு ஆண்டே, அயர்லாந்து தனக்கென அரசு அமைக்க வழிசெய்த ஐரிஷ் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் சர்ச்சிலும் ஒருவர். ஐரிஷ் விடுதலைப் போராட்டத் தலைவர் மைக்கேல் காலின்ஸுடன் பேசிப் பழகி, சுதந்திர அயர்லாந்து அரசுக்கான சட்டத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றித் தந்ததிலும் அவர் பங்கு பெரிது. இதை நான் அவருடைய நற்கணக்கில் எழுதவே விரும்புகிறேன். ஆனால் லாக்கீ மக்கள் அப்படி எழுதவில்லை. 1922 தேர்தலின்போது குடல்வால் அறுவைச் சிகிச்சை முடிந்து, நிற்கவும் இயலாமல் அவர் நாற்காலியில் தூக்கி வரப்பட்டார். கைக்குழந்தையுடன் முன்னதாகவே வந்து பிரசாரம் செய்த அவர் மனைவி கிளெமென்டைன் மீது துப்பினார்கள். சர்ச்சில் பெற்றது 20,466 வாக்குகளும் நான்காம் இடமும். முதலிடம் வந்தவர், மதுவிலக்குக் கொள்கைக்காக 1908 முதல் அவரை எதிர்த்து நின்ற எட்வின் ஸ்க்ரிம்ஜர். 1943-இல், உலகமே சர்ச்சிலைப் போற்றிய வேளையில், டண்டீ நகரமன்றம் 16-க்கு 15 என்ற வாக்கில் அவருக்கு நகர கௌரவம் வழங்க முன்வந்தது. அவர் அதை ஏற்க மறுத்துவிட்டார்.

உங்கள் வீட்டுக்காரரின் மனத்தாங்கல் வேறாகவும் இருக்கலாம். 1940 ஜூன் 12 அன்று, பிரான்சின் செயின்ட் வலேரியில் 51-ஆவது ஹைலண்ட் படைப்பிரிவு சரணடைந்து, ஸ்காட்லாந்து வீரர்கள் ஆயிரக்கணக்கில் ஜெர்மானியரின் கைதிகளானார்கள். பிரான்சைப் போரில் இருத்தி வைக்க சர்ச்சில் தங்களைப் பலி கொடுத்தார் என்ற மனக்குறை பல குடும்பங்களில் இன்னும் ஆறவில்லை. என் பக்கத்து வீட்டு மூதாட்டியின் கூடத்தில், ஐந்து ஆண்டு முகாமில் இருந்து திரும்பிய தந்தையின் படம் தொங்குகிறது. அந்த வீட்டில் சர்ச்சில் பெயரைச் சொன்னால் தேநீர் ஆறிப்போகும் வரை பேச்சு முடியாது. 1919-இல் கிளாஸ்கோ தொழிலாளர்கள் மீது டாங்கிகளை ஏவினார் என்றும் பலர் சொல்வார்கள். அது அவ்வளவு சரியன்று: படை உதவியைக் கேட்டது உள்ளூர் அதிகாரி, டாங்கிகள் வந்தது மோதல் அடங்கிய பின்பு. அதேசமயம், 1916-இல் பெல்ஜியப் போர்முனையில் ராயல் ஸ்காட்ஸ் ஃப்யூசிலியர்ஸ் படையணி ஒன்றுக்குத் தலைமையேற்று, அந்த வீரர்களின் அன்பைப் பெற்றவரும் அவரே. அந்தப் பெருமையைச் சொல்லும் ஸ்காட்லாந்துக்காரர்களையும் நீங்கள் சந்திப்பீர்கள்.

எனவே, எதிரே இருப்பவர் எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று அறிந்த பிறகே இப்பேச்சைத் தொடங்குங்கள். வட அயர்லாந்தின் பிரிட்டிஷ் ஆதரவுக் குடும்பத்தவர் எனில், நீங்கள் சொன்னதையே அவர் மகிழ்ச்சியோடு ஏற்கக்கூடும். கார்க் நண்பரிடம் நீண்ட மன்னிப்பெல்லாம் தேவையில்லை. "1920 தீவைப்பைப் பற்றி இப்போதுதான் அறிந்தேன், உங்கள் வீட்டில் அதைப் பற்றி என்ன சொல்வார்கள்?" என்று கேளுங்கள், அவர் பேசுவார்.