36 சென்ட் பெட்ரோலும் 40,000 டாலர் சேமிப்பும்

கேள்வி: 1970-ல் அமெரிக்காவுக்குப் படிக்க வந்தபோது ஒரு காலன் பெட்ரோல் 36 சென்ட். 2024-ல் 3 டாலருக்கு மேல். பணி ஓய்வு பெற்றுவிட்டேன். சேமிப்பில் 40,000 டாலரைக் கச்சா எண்ணெய் ஃபண்டில் போட்டால் விலைவாசியைச் சமாளிக்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் அந்த 36 சென்ட்டை இன்றைய பணத்துக்கு மாற்றிப் பாருங்கள். அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின் ஆண்டுச் சராசரி 1970-ல் 38.8, 2024-ல் 313.7. பின்னதை முன்னதால் வகுத்து 36 சென்ட்டால் பெருக்கினால் 2 டாலர் 91 சென்ட். 2024-ல் சாதாரண ரகப் பெட்ரோல் சராசரியாக 3 டாலர் 30 சென்ட்டை ஒட்டி விற்றது. ஒன்பது மடங்காகத் தெரிவது உண்மையில் 13 சதவீத ஏற்றம்தான். நிஜமாகவே மலிவாக விற்றது 1998-ல்: 1 டாலர் 6 சென்ட், 2024 மதிப்பில் 2 டாலர் 4 சென்ட். அந்த வருஷத்தை நினைத்து யாரும் பெருமூச்சு விடுவதில்லை!

ஆனால் உங்கள் ஆதங்கம் முழுக்கப் பொய்யும் இல்லை. 1970-ல் மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1 டாலர் 60 சென்ட்; அதில் நாலரை காலன் கிட்டத்தட்ட வாங்கலாம். 2009-லிருந்து அசையாமல் நிற்கும் 7 டாலர் 25 சென்ட்டில், 2024 விலைக்கு, இரண்டே கால் காலன்கூட வராது. இதில் பிசகியது கூலி.

இனி ஃபண்டு. கச்சா எண்ணெய் ஃபண்டுகள் பெரும்பாலும் பீப்பாய்களை வாங்கி வைப்பதில்லை. முன்பேர ஒப்பந்தங்களை, அதாவது பின்னொரு மாதத்தில் எண்ணெயை வாங்க இன்றே விலை பேசும் ஒப்பந்தங்களை, வைத்திருக்கின்றன. முடியப்போகும் மாத ஒப்பந்தத்தை 60 டாலருக்கு விற்று, அடுத்த மாதத்தை 62 டாலருக்கு வாங்கினால், 100 பீப்பாய்க்கான பணத்தில் 97 பீப்பாய்க்குக் குறைவாகவே கிடைக்கும். இப்படியே மாதாமாதம் கரைந்தால், எண்ணெய் விலை ஏறியும் உங்கள் பணம் ஏறாது. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் பீப்பாய் மைனஸ் 37 டாலர் 63 சென்ட்டில், அதாவது விற்பவரே பணம் கொடுத்துத் தள்ளிவிடும் நிலையில், முடிந்ததே, அந்தச் சந்தை இதுதான்.

உங்கள் பெட்ரோல் செலவுதான் எவ்வளவு? வருஷத்துக்கு 8,000 மைல், காலனுக்கு 25 மைல் என்றால் 320 காலன். காலனுக்கு ஒரு டாலர் ஏறினாலும் கூடுதல் செலவு 320 டாலர். அதற்காக 40,000 டாலரைப் பணயம் வைப்பதா?

மொத்த விலைவாசிக்குத்தான் காப்பு தேவை. சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் 1975 முதல் விலைவாசியோடு தானாகவே உயர்கிறது. மீதிக்கு, விலைவாசியோடு வட்டி மாறும் அரசுச் சேமிப்புப் பத்திரமான ஐ-பாண்டு: அமெரிக்க நிதித்துறையின் ட்ரெஷரி டைரக்ட் தளத்தில் ஒருவருக்கு ஆண்டுக்கு 10,000 டாலர் வரை, மனைவி பெயரில் தனியாக இன்னொரு 10,000. முதல் 12 மாதம் எடுக்க முடியாது. ஐந்து வருஷத்துக்குள் எடுத்தால் மூன்று மாத வட்டி போய்விடும். அவசரத் தேவைக்கான பணத்தை இதில் முடக்காதீர்கள்.

மிச்சத்தை டிப்ஸ் எனப்படும் பணவீக்கக் காப்புப் பத்திரங்களில் போடலாம். வட்டி விகிதம் ஏறினால் இவற்றின் சந்தை விலை இறங்கும், 2022-ல் பலருக்கு அடி விழுந்தது அப்படித்தான். ஆகவே பணம் எப்போது தேவையோ அந்த ஆண்டில் முதிரும் பத்திரமாகப் பார்த்து வாங்கி, முதிர்வு வரை தொடாதீர்கள். விலைவாசிக்கு ஏற்ப இவற்றின் அசலில் ஏறும் தொகை கைக்கு வருமுன்பே அந்தந்த ஆண்டு வருமான வரி விழும் என்பதால், ஐ.ஆர்.ஏ. என்னும் வரிச்சலுகையுள்ள ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு இருந்தால் அதற்குள் வாங்குங்கள்.