கொத்தமல்லி மணக்கும் பூச்சி

திருகோணமலையிலிருந்து கனடாவின் ஹமில்ரனுக்கு வந்து மூன்று மாதம், யன்னலோரம் முழுக்கக் கபில நிறப் பூச்சி, மூட்டைப்பூச்சியோ, மெத்தையை எறிய வேண்டுமோ என்று கேட்டிருந்தீர்கள். எறியாதீர்கள் தங்கச்சி. நான் லீவில் ஊருக்கு வந்து, உப்புவெளியில் அம்மாவின் விறாந்தையில் நுளம்பு அடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய படத்தில் தெரிவது கேடய உருவம், ஒன்றரை சென்ரிமீற்றர் நீளம், உணர்கொம்பில் வெள்ளை வளையம். அது ஸ்டிங்க் பக், அதாவது நாற்றப்பூச்சி. கிழக்காசியாவின் பூச்சி, ஹமில்ரனில் 2010இல் பிடிபட்டது. கடிக்காது, வீட்டுக்குள் பெருகாது. செப்டெம்பர், ஒக்டோபரில் குளிர் தொடங்கினால் வெடிப்புகளால் நுழைந்து உள்ளே பதுங்கிக் கிடக்கும், அவ்வளவுதான்.

நசுக்க மட்டும் வேண்டாம். முதல் வருடம் ஒன்றைச் செருப்பால் அடித்தேன். குசினியிலிருந்து மனைவி, "மல்லித்தழை வாங்கினனீங்களோ?" என்று கேட்டா. கொத்தமல்லி இலைக்கு மணம் கொடுக்கும் அதே வகைப் பொருள்தான் இதன் நாற்றத்திலும் இருக்கிறதாம். அப்புறம் ஒரு மாதம் எங்கள் வீட்டு ரசத்தில் மல்லித்தழை இல்லை.

பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் பாத்திரம் கழுவும் சவர்க்காரத் தண்ணீர் எடுங்கள். பூச்சிக்கு நேர் கீழே பிடித்து, மேலால் மெல்ல ஒரு தட்டு. பறக்காது, பெரும்பாலும் பொத்தென்று விழும். வெறும் தண்ணீரில் மிதந்து தப்பிவிடும். சவர்க்காரம் கலந்தால் தாழும். கூட்டமாக இருந்தால் வக்கூமால் இழுக்கலாம், ஆனால் பையை உடனே வெளியே போடுங்கள்.

மருந்தடிக்க நானும் ஒருமுறை காசு கொடுத்தேன். ஒரு கிழமை குறைந்தது, பிறகு பழையபடி. போதாக்குறைக்கு, சுவருக்குள் செத்துக் கிடந்தவற்றைத் தின்னக் கம்பள வண்டு வந்தது. அந்தக் காசுக்கு யன்னல் சட்டத்தைச் சுற்றி சிலிக்கோன் அடித்து, கிழிந்த வலையை மாற்றியிருக்கலாம். இப்போது அதைத்தான் செய்கிறேன். நீங்கள் வாடகைக்கு இருந்தால் வீட்டுக்காரரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். இது ஊத்தையால் வருவதில்லை. பளிங்கு மாதிரி வைத்திருக்கும் வீட்டுக்கும் வரும். யன்னலில் மாட்டிய ஏசி இருந்தால் இப்போதே கழற்றச் சொல்லுங்கள், அதைச் சுற்றித்தான் நல்ல வழி இருக்கும்.

வெயில் ஏற ஏற அதுகளே வெளியே போகப் பார்க்கும். கோடையில் பின்வளவில் மிளகாய், தக்காளி வைப்பீர்கள்தானே? இலைக்கு அடியில் 28 அளவில் வெளிர் முட்டைகள் ஒட்டியிருந்தால் இலையோடு கிள்ளி அதே டப்பாவுக்குள் போடுங்கள்.