ஒன்பது பேரை முதலில் பெயின்ட் செய்யுங்கள்

கேள்வி: நவீன காலப் போர்களை மேஜைமேல் ஆடும் வார்கேமில் ஆசை வந்திருக்கிறது. 28 மி.மீ. உருவங்களில் ஒரு முழுப் படை, கூடவே மூன்று டாங்கி என்று பட்டியலே போட்டுவிட்டேன். பிரஷ் பிடித்துப் பழக்கமில்லை. ஆட ஒரே ஒரு நண்பர் இருக்கிறார். அவரிடம் படை ஏதும் கிடையாது. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். அந்தப் பட்டியலை மட்டும் மடித்து ஓரமாக வையுங்கள்.

முதலில் கொஞ்சம் கணக்கு. 28 மி.மீ. என்பது ஆள் உருவத்தின் உயரம். அதைப் பொதுவாக 1/56 அளவு என்பார்கள். இன்றைய டாங்கி 2 கி.மீ. தள்ளியிருக்கும் இலக்கைச் சுடக்கூடியது. அதே அளவில் சுருக்கினால் அந்தத் தூரம் மேஜையில் 35 மீட்டருக்கு மேல் வரும். அவ்வளவு பெரிய மேஜை யாரிடம் இருக்கிறது? ஆட்ட விதிகள் தூரத்தைக் குறுக்கித்தான் சமாளிக்கின்றன. அப்படிக் குறுக்கியும், குழலோடு சேர்த்து 9.8 மீட்டர் நீளமுள்ள அப்ராம்ஸ் டாங்கி இந்த அளவில் பதினேழரை செ.மீ. வருகிறது. இரண்டு பக்கமும் மும்மூன்றை நிறுத்தினால் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு நிற்கும்.

அதனால் உங்கள் மனதில் ஓடும் காட்சி எது என்று பாருங்கள். தெருமுனை, மாடிப்படி, வீடு வீடாகச் சண்டை என்றால் 28 மி.மீ. அருமை. முகம் தெரியும், துப்பாக்கி தெரியும். அமெரிக்கக் காலாட்படையின் ஒரு ஸ்குவாட், அதாவது சிறு குழு, ஒன்பது பேர். எதிரே பத்துப் பதினைந்து பேர் இருந்தால் ஒரு மாலைப்பொழுது போய்விடும். டாங்கிதான் ஆசை என்றால் 15 மி.மீ. அல்லது 6 மி.மீ. பக்கம் போங்கள். சோவியத் டாங்கிக் கம்பெனி ஒன்றில் பத்து டாங்கி. 6 மி.மீ.க்கு இணையான 1/285 அளவில் அந்தப் பத்தும் கிட்டத்தட்ட உள்ளங்கையில் அடங்கிவிடும். நடுவில் 1/72 இருக்கிறது. நவீன வண்டிகளுக்கு பிளாஸ்டிக் கிட் அதில் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அந்த அளவில் வரும் மெத்தென்ற பிளாஸ்டிக் வீரர்கள் வளைந்து கொடுப்பார்கள். வளையும்போது பெயின்ட் உரியும்.

அடுத்து, ‘நவீனம்’ என்பது ஒரே காலம் இல்லை. 1991 வளைகுடாப் போரில் அமெரிக்க வீரர்கள் ஆறு நிறப் பாலைவன உடையில் இருந்தார்கள். 2010க்குப் பின் ஆப்கானிஸ்தானில் மல்டிகேம் என்ற வேறு நிறக்கலவை உடை வந்துவிட்டது. தலைக்கவசம், சட்டை, துப்பாக்கியின் மேலுள்ள கருவி எல்லாமே மாறியிருக்கும். ஒன்றுக்கு வாங்கியது மற்றதற்கு ஒட்டாது. எனவே எந்தப் போர், எந்த ஆண்டு என்று முடிவெடுத்த பிறகே பணத்தை எடுங்கள். நண்பரிடமும் கேளுங்கள். அண்மைக் காலப் போர்களில் இருந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். சிலருக்கு அதில் பகடை உருட்ட மனம் வராது. அது நியாயம்தான்.

அவரிடம் படை இல்லை என்கிறீர்கள். அப்படியானால் இரண்டு பக்கத்தையும் நீங்களேதான் செய்ய வேண்டியிருக்கும். செலவை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள், பெயின்ட் நேரத்தையும். இந்த நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நான் ஆரம்பத்தில் அறுபது உருவங்களை ஒரே மூச்சில் வாங்கினேன். பதினோரு பேர் நிறம் கண்டார்கள். மற்றவர்கள் இன்னும் டப்பாவில்தான்.

ஆகவே ஒன்பது பேர், ஒரு பிரைமர் (நிறம் பிடிக்க முதலில் பூசுவது), ஏழெட்டு அக்ரிலிக் நிறம், ஒரு பழுப்பு வாஷ் (பள்ளங்களில் ஓடித் தங்கும் நீர்த்த நிறம்), மேட் வார்னிஷ் (கடைசியில் பூசும் பளபளப்பில்லாத பாதுகாப்புப் பூச்சு), நல்ல பிரஷ் இரண்டு. இவ்வளவு போதும். உடையின் புள்ளி புள்ளியான வடிவத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அடிநிறம் பூசி, மேலே இரண்டு நிறத்தில் ஒழுங்கில்லாத திட்டுகள் வைத்து, வாஷ் ஓடவிட்டால் கை எட்டும் தூரத்தில் சரியாகத் தெரியும். உண்மையான படத்தைப் பார்த்து ஒவ்வொரு புள்ளியையும் வைக்கப் போனால் மூன்றாவது ஆளோடு வெறுத்துவிடும்.

எதிரிகளுக்கு இப்போதைக்கு அட்டைத் துண்டு போதும். 1824இல் பிரஷ்யப் படைக்கு அறிமுகமான போர் ஆட்டத்திலேயே சிவப்பு, நீலத் துண்டுகளைத்தான் வரைபடத்தின்மேல் நகர்த்தினார்கள். மூன்று ஆட்டம் ஆடுங்கள். ஒன்பது பேரும் முடிந்து, பத்தாவது ஆளுக்குக் கை துறுதுறுத்தால் பட்டியலைத் திரும்ப எடுக்கலாம். ஆட்டம் பிடித்து பிரஷ் பிடிக்கவில்லை என்றால் பெயின்ட் செய்து விற்பதை வாங்குங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: ஒருவர் தன் பழைய உலோக உருவங்களை மொத்தமாகக் குறைந்த விலைக்குத் தருகிறார். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் கேளுங்கள். ஒரே ‘28 மி.மீ.’யை ஒருவர் கண்வரை அளக்கிறார், இன்னொருவர் உச்சந்தலைவரை. உங்கள் படையோடு நிறுத்தினால் ஒன்று உயரமாகவும் ஒன்று குட்டையாகவும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பழைய பெயின்ட் தடிமனாக இருந்தால் கவலை வேண்டாம், உலோகத்திலிருந்து அதைக் கழற்றிவிடலாம். ஆனால் பழைய வார்ப்புகளில் ஈயம் இருக்கக்கூடும். மேலே சாம்பல் வெள்ளையாகப் பொடி உதிர்ந்தால் அந்தப் பெட்டியே வேண்டாம். நல்லதாக இருந்தாலும் அரம் போட்டால் மாஸ்க் அணியுங்கள், தொட்ட பின் கை கழுவுங்கள். குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ரெசின் 3டி பிரின்டர் வாங்கி வீட்டிலேயே அச்சிட்டால் மிச்சமா?

பதில்: நிறைய அச்சிடுபவருக்கு மிச்சம். உங்களுக்கு வேண்டியது முப்பது பேர் என்றால் இல்லை. பிரின்டரோடு செலவு முடிவதில்லை: ரெசின், கழுவும் ஆல்கஹால், கையுறை, புற ஊதா விளக்கு, காற்றோட்டமான தனி இடம். இறுகாத ரெசின் தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம். தவிர, நவீன வீரரின் துப்பாக்கிக் குழல் மெல்லியது. சாதாரண ரெசினில் அச்சிட்டால் கீழே விழும் முதல் தடவையே உடையும். வளையும் ரகத்தைக் கொஞ்சம் கலந்து அச்சிடுபவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரிடம் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த உருவத்தின் 3டி வடிவமைப்புக் கோப்பினை (ஃபைலை) அச்சிட்டு விற்க அவருக்கு உரிமம் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.