ரசம் போன கண்ணாடி

அன்புள்ள ஐயா,

அப்பாவின் லைக்கா 3சி, அந்தப் பழைய ஃபிலிம் கேமரா, என் கைக்கு வந்திருக்கிறது. ஷட்டர் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் ஃபோகஸ் பார்க்கும் துளையில் இரண்டாவது பிம்பம் தெரியவில்லை. மேல்மூடியைக் கழற்றி, உள்ளே சாய்வாக இருந்த சின்னக் கண்ணாடியை பட்ஸால் துடைத்தேன். முன்பைவிட மங்கிவிட்டதுபோல இருக்கிறது. இதை நானே சரிசெய்ய முடியுமா?

க.

அன்புள்ள க.,

பட்ஸ் என்று படித்ததுமே சிரிப்பு வந்துவிட்டது. நானும் அதைச் செய்தவன்தான். முதல் இழுப்பில் பஞ்சு நுனியில் பழுப்பாக ஒரு தடம் விழுந்தது. தூசி வருகிறது என்று சந்தோஷப்பட்டு இன்னொரு இழுப்பு இழுத்தேன். வந்தது தூசி இல்லை, ரசம். கண்ணாடி பளிச்சென்று ஆகிவிட்டது, ஜன்னல் கண்ணாடியைப்போல.

அது முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி இல்லை. 45 டிகிரி சாய்வில் நிற்கும் அரை ரசக் கண்ணாடி. எதிரே உள்ள காட்சியைத் தன் வழியே உங்கள் கண்ணுக்கு விடும். தள்ளியிருக்கும் இன்னொரு வட்ட ஜன்னலிலிருந்து வரும் காட்சியைப் பிரதிபலித்து அதன்மேல் போடும். அதுதான் உங்கள் இரண்டாவது பிம்பம், இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் ஃபோகஸ் சரி. முகக்கண்ணாடியில் ரசம் பின்பக்கம் பத்திரமாக இருக்கும், மேலே வண்ணப்பூச்சும் உண்டு. இதிலோ கண்ணைப் பார்த்த பக்கத்தில், வெறுமனே, மூச்சுபட்டால் அழியும் அளவு மெல்லியதாக இருக்கிறது.

ஆனாலும் ரசம் போய்விட்டது என்று இப்போதே முடிவு கட்டவேண்டாம். கண் வைக்கும் துளைக்கு நேர் எதிரே இருக்கும் ஜன்னலை விரலால் மூடிவிட்டுப் பாருங்கள். இப்போது தெரிவது பிரதிபலித்து வரும் பிம்பம் மட்டுமே. அது கூர்மையாக, ஆனால் இருட்டாக இருந்தால் ரசம் போய்விட்டது. பால் தெளித்ததுபோல வெளிறியிருந்தால் வழியிலுள்ள லென்ஸிலோ பட்டகத்திலோ மூட்டம் படிந்திருக்கிறது. அந்த மூட்டத்தைத் துடைக்கலாம், இந்தக் கண்ணாடியைத் தொடக்கூடாது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் எத்தனையோ பேர் நல்ல கண்ணாடியைக் கெடுத்திருக்கிறார்கள்.

ரசம்தான் போயிருக்கிறது என்றால் மாற்றத்தான் வேண்டும். பீம் ஸ்ப்ளிட்டர் என்ற பெயரில் மெல்லிய தகடாகக் கிடைக்கும். பாதி ஒளியை விட்டுப் பாதியைத் திருப்பும் வகை போதும். ஜன்னலுக்கு ஒட்டும் கண்ணாடி ஃபிலிமை மட்டும் வாங்காதீர்கள், அதில் பிம்பம் நெளியும். பழைய கண்ணாடியின் தடிமனையும் அளவையும் எடுத்துக்கொள்ளுங்கள். ரசம் இல்லாத பக்கத்தில் கீறி உடைப்பது நல்லது. கழற்றுமுன் அது உட்காரும் இடத்தை ஊசியால் மெல்லக் குறித்துவையுங்கள். கண்ணாடி ஒரு டிகிரி திரும்பினால் பிரதிபலிப்பு இரண்டு டிகிரி திரும்பும். ரசப்பக்கம் கண்ணைப் பார்க்கவேண்டும். மாற்றி வைத்தால் பக்கத்துப் பொருள்களுக்கு மங்கலாக ஒரு நிழல் கூடவே வரும்.

பசை விஷயத்தில் பிடிவாதமாகச் சொல்கிறேன், சூப்பர் க்ளூ வேண்டாம். காயும்போது அதன் ஆவி பக்கத்துக் கண்ணாடிகளில் எல்லாம் வெள்ளையாகப் படியும். மெதுவாக இறுகும் எப்பாக்ஸி, ஓரத்தில் குண்டூசித் தலை அளவு இரண்டு பொட்டு. இறுகும்வரை நகர்த்திச் சரிபார்க்க நேரமும் கிடைக்கும்.

அப்புறம்தான் உண்மையான வேலை. லென்ஸை முடிவிலியில் (∞ குறியில்) நிறுத்தி, ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலிருக்கும் கோபுரத்தையோ நிலாவையோ பாருங்கள். பிம்பங்கள் மேலும் கீழுமாக விலகியிருந்தால் வட்ட ஜன்னலின் வளையத்தைக் கழற்றி, உள்ளே இருக்கும், ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த ஆப்புக் கண்ணாடியைத் துளித்துளியாகத் திருப்பவேண்டும். அதைத் திருப்பினால் பக்கவாட்டும் கொஞ்சம் நகரும், எனவே மேல்கீழை முதலில் முடித்துவிடுங்கள். பக்கவாட்டுக்கு முன்முகத்தில் ஒரு சின்ன மூடித்திருகு இருக்கிறது. அதை எடுத்தால் உள்ளே சரிசெய்யும் திருகு. கடைசியாக, டேப் வைத்து ஒரு மீட்டர் அளந்து அங்கேயும் பிம்பங்கள் சேர்கின்றனவா என்று பாருங்கள்.

தகடு வந்துசேரும்வரை படம் எடுக்காமல் இருக்கவேண்டியதில்லை. நேர் ஜன்னலின்மேல் கருஞ்சாம்பல் நிற ஃபில்டர் தாளை ஒட்டுங்கள். முதல் பிம்பம் இருண்டால் மங்கிய இரண்டாவது பிம்பம் எட்டிப்பார்க்கும். வெயிலில் எனக்கு இது பல மாதம் ஓடியது, சாயங்காலத்தில் சுத்தமாக உதவவில்லை.

விரலால் மூடிப் பார்த்ததில் என்ன தெரிந்தது என்று எழுதுங்கள்.