டொராண்டோவில் வாடகை பேசும் முன் கட்டடத்தின் வயதைக் கேளுங்கள்

ஸ்கார்பரோவில் புதுக் கொண்டோவுக்கும் (தனித்தனியாக விற்கப்படும் அடுக்குமாடி வீடு) பழைய அடுக்குமாடிக்கும் ஒரே வாடகை, 2,200 டாலர் சொல்கிறார்கள், எதை எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். பழையதை எடுங்கள்.

காரணம் ஒரு தேதி: 2018 நவம்பர் 15. அந்தத் தேதிக்குள் ஆள் குடியேறிவிட்ட வீடுகளுக்கு வாடகை எவ்வளவு ஏறலாம் என்று, டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாண அரசு வருடாவருடம் வரம்பு வைக்கிறது. 2025க்கு 2.5 சதவீதம், 2026க்கு 2.1. உங்கள் 2,200க்கு அது 46 டாலர். அந்தத் தேதிக்குப் பிறகு முதன்முதலாக ஆள் வந்த வீட்டுக்கு வரம்பே கிடையாது. 90 நாள் முன்னால் எழுத்தில் சொல்லிவிட்டு, 12 மாதத்துக்கு ஒருமுறை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம். 20 சதவீதம் என்றால் 2,640. பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த பிறகு இந்தக் கடிதம் வந்தால் குடும்பமே ஆடிப்போகும். புதுக் கொண்டோவின் ஜிம்முக்கும் "முதல் மாதம் இலவசம்" என்பதற்கும் மயங்காதீர்கள்.

பேஸ்மென்ட் (வீட்டின் அடித்தளத்தில் இருக்கும் குடியிருப்பு) பார்த்தால் கூடுதல் கவனம் வேண்டும். வீடு பழையதாக இருந்தாலும், பேஸ்மென்டை அந்தத் தேதிக்குப் பிறகு தனிக் குடியிருப்பாக மாற்றியிருந்தால் வரம்பு பொருந்தாமல் போகலாம். சமையலறையையோ குளியலறையையோ வீட்டுக்காரரோடு பகிர வேண்டியிருந்தால், வாடகைதாரர் சட்டமே உங்களைக் காக்காது. புகை அலாரம், கார்பன் மோனாக்சைடு அலாரம், ஆள் வெளியேறக்கூடிய ஜன்னல் மூன்றையும் நேரில் பாருங்கள்.

அட்வான்ஸ் விஷயத்தில் சென்னைக் கணக்கை மறந்துவிடுங்கள். இங்கே வாடகை முன்பணமாகக் கேட்கக்கூடியது கடைசி மாத வாடகை ஒன்றுதான். அதற்கும் வீட்டுக்காரர் உங்களுக்கு வருடந்தோறும் வட்டி தர வேண்டும். சேதத்துக்கென்று டெபாசிட் கேட்பது சட்டவிரோதம். கிரெடிட் ஸ்கோர் இல்லாத புதியவர்களிடம்தான் ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கேட்டுப் பார்ப்பார்கள். பதிலுக்கு வேலைக் கடிதம், வங்கி இருப்பு, முடிந்தால் இங்கே வேலையில் இருக்கும் உறவினரின் ஜாமீன் கையெழுத்து கொடுங்கள். வீட்டைப் பார்க்காமல் ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள்.

ஒப்பந்தம் ஒன்டாரியோ அரசு வகுத்த பொதுவான வாடகை ஒப்பந்தப் படிவத்தில் இருக்கட்டும். மின்சாரக் கட்டணம் யாருடையது என்பது அதிலேயே எழுதப்பட வேண்டும். வருடம் முடிந்ததும் புது ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் கட்டாயம் இல்லை, தானாகவே மாதாந்திர வாடகையாகத் தொடரும். "வீட்டுக்காரர் குடிவருகிறார்" என்று, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் என்12 படிவம் நீட்டினால் உடனே பெட்டி கட்டாதீர்கள். அது வெறும் அறிவிப்பு. வெளியேற்ற உத்தரவிடும் அதிகாரம் வீட்டுரிமையாளர்-வாடகைதாரர் வாரியத்துக்குத்தான் உண்டு.