ஜப்பான் ஃபேர்லேடி இசட்: 90-க்கு மேல் எஃப்.எம். எடுக்கவில்லை

நிஸான் நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ் காரான ஃபேர்லேடி இசட் வாங்கியிருக்கிறீர்கள், அதன் ரேடியோவில் 90-க்கு மேல் எஃப்.எம். எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ரேடியோ பழுதாகவில்லை. ஜப்பானில் எஃப்.எம். வரிசை முன்பு 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான், இப்போது 95 வரை நீண்டிருக்கிறது; உங்கள் ரேடியோ அந்தப் பழைய வரிசைக்குச் செய்தது. நம் நாட்டில் 88 முதல் 108 வரை. அதனால்தான் பாளையங்கோட்டைக்குள் நின்றுகொண்டே உங்களுக்கு ஒரு பாட்டும் கேட்கவில்லை. ஆன்டெனாவை மாற்றிக் காசைக் கரியாக்காதீர்கள்.

ஜப்பானுக்கு வெளியே இதே காரின் பெயர் 370இசட். உங்களுக்கு விற்றவர் "இங்கே விற்ற 370இசட்தான், பேட்ஜ் (பெயர்ச் சின்னம்) மட்டும் மாற்றியது" என்றாராம். நான் நம்பவில்லை. பேட்ஜை மாற்றினால் ரேடியோவின் வரிசை மாறாது. உங்கள் ஸ்பீடோமீட்டர் 180-உடன் முடிகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதுவும் ஜப்பான் உள்நாட்டு வண்டியின் அடையாளம்.

உறுதி செய்ய ஒரு வழி: பானட்டைத் திறந்து, டார்ச் அடித்து, தகட்டில் அடித்திருக்கும் சேசிஸ் எண்ணைப் படியுங்கள். தூசியை ஈரத்துணியால் துடைத்தால் எழுத்து தெளியும். எழுத்தும் எண்ணுமாக 17 இருந்தால் ஏற்றுமதி வண்டி. இசட்34 என்று தொடங்கி, ஒரு கோடு போட்டுச் சில எண்களோடு முடிந்தால் ஜப்பான் வண்டி. அதே எண் ஆர்.சி. புத்தகத்தில் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள், சுங்கத் தாள்களைக் கேளுங்கள்.

ரேடியோவுக்கு பேண்ட் எக்ஸ்பாண்டர் என்ற சிறு பெட்டி கிடைக்கிறது. ஆன்டெனா வயரின் நடுவே பொருத்துவார்கள். ஆனால் 12 மெகாஹெர்ட்ஸ் நகர்த்தும் பெட்டியில் 102-க்கு மேலுள்ள நிலையங்கள் வராது, திரையிலும் தவறான எண்தான் தெரியும். நாகர்கோவில் சாலையில் தினமும் ஓட்டுகிறவருக்கு அது எரிச்சல். ரேடியோ செட்டையே மாற்றிவிடுங்கள், அதிலுள்ள ஜப்பானிய வரைபடமும் இங்கே உதவாது.